விகுதியின் ஆயுள்

நாம் அன்றாடம் ஏறி இறங்கும் பேருந்தில் இருவர் பணிபுரிகிறார்கள். ஒருவர் டிரைவர், மற்றவர் கண்டக்டர். இரண்டும் ஆங்கிலச் சொற்கள் என்பதோடு நம் விசாரணை நின்றுவிடுகிறது. இரண்டின் ஈற்றிலும் 'அர்' என்னும் ஒரே ஒலி கேட்பதால் இரண்டுக்கும் ஒரே விகுதி என்றும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவை இரு வேறு விகுதிகள். இரண்டுமே லத்தீனில் வழங்கியவை. ஆனால் இரு வேறு பாதைகளில் நடந்து, பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு பேருந்தில் சந்தித்துக்கொண்டவை.

சொற்களின் வேரைத் தேடுவதில் நமக்கு இருக்கும் ஆர்வம் விகுதியைத் தேடுவதில் இருப்பதில்லை. பகுதி, விகுதி, இடைநிலை என்று நன்னூல் வழியே பள்ளியில் பிரித்துப் பழகியவர்கள் நாம். ஆயினும் பகுதிக்கே பொருள் உண்டு, விகுதி வெறும் வால் என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டது. லத்தீனையும் அதன் உறவு மொழிகளையும் சற்றே கூர்ந்து பார்த்தால் இந்த எண்ணம் மாறக்கூடும். அதற்குத் தொடக்கமாக ஒரு மனிதரின் துயரமான ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

*

கி.மு. 45. ரோமானியக் குடியரசு பெயரளவில் மட்டுமே உயிரோடிருந்தது. சீசர் சர்வாதிகாரி. செனட்டிலும் நீதிமன்றத்திலும் தன் நாவன்மையால் வாழ்ந்த சிசரோவுக்குப் பேசுவதற்கு இடமில்லாமல் போயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் அவருடைய அன்பு மகள் துல்லியா, மகப்பேற்றுக்குப் பின் இறந்துபோனாள். சிசரோ கடற்கரையை ஒட்டிய அஸ்துரா என்னும் ஊரில் இருந்த தன் வீட்டில் ஒதுங்கினார். காலையில் அடர்ந்த காட்டுக்குள் புகுந்தால் மாலைவரை வெளிவருவதில்லை என்று நண்பர் அத்திக்கஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அந்தத் தனிமையில் அவர் எழுதத் தொடங்கினார். கிரேக்கத் தத்துவம் முழுவதையும் லத்தீனில் சொல்லிவிடுவது என்பது திட்டம். ரோமானியர்களுக்குச் சட்டம் உண்டு, போர் உண்டு, வேளாண்மை உண்டு. இவற்றுக்கான சொற்களும் உண்டு. தத்துவத்துக்கு மட்டும் சொல் இல்லை. சிசரோவின் காலத்தவரான கவிஞர் லுக்ரீஷியஸ் தம் தாய்மொழியின் இந்த வறுமையைத் தம் காவியத்தில் நொந்துகொண்டிருக்கிறார். கற்றவர்களோ தத்துவம் பேச வேண்டுமென்றால் கிரேக்கத்திலேயே பேசினார்கள். அது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

அவ்வாண்டில் சிசரோ எழுதிய 'அகாதெமிகா' என்னும் உரையாடலில் ஒரு சிறிய தயக்கம் வருகிறது. 'பொயொதேஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு லத்தீனில் என்ன சொல்வது? கிரேக்கத்திலும் அது தெருவில் வழங்கிய சொல் அல்ல. பிளாட்டோ தம் 'தியாய்தேதுஸ்' உரையாடலில் சாக்ரடீஸின் வாயிலாக, இது உங்களுக்கு விசித்திரமான சொல்லாகத் தோன்றலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அதைக் கையாள்கிறார். 'பொயோஸ்' என்றால் எத்தகைய. அதனோடு -தேஸ் என்ற விகுதியைச் சேர்த்தால் 'எத்தகைமை' என்பது போன்றதொரு சொல் பிறக்கிறது. சிசரோ அதே வழியில் போனார். லத்தீனில் எத்தகைய என்பதற்கு 'குவாலிஸ்'. அதனோடு -தாஸ் சேர்த்தார். 'குவாலிதாஸ்' பிறந்தது. இன்று உலகின் கடைத்தெருக்களிலெல்லாம் புழங்கும் 'குவாலிட்டி' அதுதான்.

அடுத்த ஆண்டு எழுதிய ஊழ் பற்றிய நூலில், கிரேக்கரின் 'ஏதிகோஸ்' என்பதற்கு ஈடாக, வழக்கம் என்று பொருள்படும் 'மோஸ்' என்ற சொல்லிலிருந்து 'மொராலிஸ்' என்ற சொல்லைச் செய்தார். இவையெல்லாம் வெற்றிகள். ஆனால் நம்மை அதிகம் கவர்வது அவர் முடிவெடுக்க இயலாமல் நின்ற ஓர் இடம். கடவுளரின் இயல்பு பற்றிய நூலில், பேரின்ப நிலையைக் குறிக்க 'பெயாதிதாஸ்' என்பதா, 'பெயாதிதூதோ' என்பதா என்று தடுமாறுகிறார். இரண்டுமே காதுக்குக் கடினமாக இருக்கின்றன, பழக்கத்தினால்தான் சொற்களை நாம் மென்மையாக்க வேண்டும் என்கிறார். வேர் ஒன்றே, விகுதிகள்தாம் வேறு. தீர்ப்பை அவர் பேசுகிறவர்களிடம் விட்டுவிட்டார். காலம் -தூதோவின் பக்கம் நின்றது. கிறித்தவ லத்தீன் அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. 'பெயாதிதாஸ்' அநேகமாக மறைந்துபோயிற்று.

*

சிசரோ ஏன் வேற்றுமொழிச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு கேள்வி. அவர் செய்த சொல் ஏன் நிலைத்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

குவாலிதாஸ் என்ற சொல்லை அதற்கு முன் எந்த ரோமானியனும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் -தாஸ் என்ற விகுதியை ஒவ்வொருவரும் அறிவர். 'லீபெர்' என்றால் தளையற்றவன், 'லீபெர்தாஸ்' என்றால் விடுதலை. 'கீவிஸ்' என்றால் குடிமகன், 'கீவிதாஸ்' என்றால் குடியுரிமை, குடிமக்களின் சமூகம். ரோமானியக் காசுகளில் பொறிக்கப்பட்ட பெண் தெய்வங்களுள் லீபெர்தாஸும் உண்டு. ஆகவே புதிய சொல்லைக் கேட்டவனுக்கு அதில் பாதி ஏற்கெனவே சொந்தமாக இருந்தது. மீதிப் பாதியும் அவன் தினமும் கேட்கும் கேள்விச் சொல்தான். இரண்டையும் இணைத்தது மட்டுமே சிசரோவின் வேலை.

ஒரு மொழியின் செல்வத்தை அகராதியில் உள்ள சொற்களைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். அகராதியோ சேமித்து வைத்த தானியம் போன்றது. உயிருள்ள விகுதிகள் விளைநிலம் போன்றவை. இவற்றுள் எது இருந்தால் பஞ்சத்தைக் கடக்கலாம் என்பதைச் சிசரோவின் காலத்து லத்தீன் காட்டுகிறது.

இங்கே சிசரோ அறிந்திராத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் தேர்ந்த லத்தீன் -தாஸும், பிளாட்டோ கையாண்ட கிரேக்க -தேஸும் ஒரே விகுதியின் இரு வடிவங்கள். வேற்றுமை ஏற்கும்போது லத்தீனில் -தாத்- என்றும் கிரேக்கத்தில் -தேத்- என்றும் அது முழு உருவம் காட்டும். இரு மொழிகளும் பிரிவதற்கு முன்பே இருந்த விகுதி அது. அவெஸ்தா மொழியில், சரத்துஷ்டிர சமயத்தின் தெய்வ வடிவங்களாகிய ஹௌர்வதாத், அமெரெதாத் ஆகிய பெயர்களில் (முழுமை, இறவாமை) அதே விகுதி நிற்கிறது. வேத மொழியில் 'சர்வதாதி' என்ற சொல்லில் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவான -தா என்னும் குறுகிய வடிவமே சமஸ்கிருதத்தில் பிற்காலத்தில் பெருவழக்காயிற்று.

அந்த -தா நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. கவி என்பதோடு -தா சேர்ந்து கவிதா. அது தமிழில் கவிதை. தேவ என்பதோடு சேர்ந்து தேவதா, அது தேவதை. 'மம' என்றால் என்னுடைய, என்னுடையது என்னும் எண்ணம் மமதா, அது மமதை. கேள்விச் சொல்லிலிருந்து ஒரு தத்துவச் சொல்லைச் செய்த அதே உத்திதான் இது. இங்கே உடைமைச் சொல்லிலிருந்து ஒரு குற்றத்தின் பெயர் பிறந்திருக்கிறது. கவிதை என்று நாம் எழுதும்போதெல்லாம் ஈற்றில் நிற்கும் அந்தத் 'தை', குவாலிட்டியின் ஈற்றில் நிற்கும் 'டி'க்குத் தூரத்து உறவு.

*

இத்தகைய உறவை ஐரோப்பியர் உணர்ந்தது பிற்காலத்தில்தான். 1786ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் தற்செயலாக இருக்க முடியாத அளவுக்கு ஒத்திருப்பதாகக் கூறினார். 1816இல் ஜெர்மானியரான பிரான்ஸ் பொப், வினைகளின் திரிபு அமைப்பை மொழி மொழியாக ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பியல் மொழியியல் என்ற துறை அதிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். சொற்கள் வணிகரோடும் படையோடும் எளிதில் இடம் மாறும். சொல்லின் ஈறுகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. உறவுக்கு ஈறுகளே நம்பகமான சாட்சி.

இந்தச் சாட்சியை நாடியவர்களுக்குப் பாணினியின் இலக்கணம் பெரும் துணையாயிற்று. சொல்லைப் பகுதி, விகுதி என்று அறுத்துப் பார்க்கும் கலையை அத்தனை துல்லியமாக வேறு எவரும் செய்திருக்கவில்லை. வினைவேரில் சேர்வது கிருத், பெயரில் சேர்வது தத்திதம் என்று அவர் வகுத்தார். தமிழிலும் வீரசோழியத்தில் தத்திதத்துக்கென்று தனிப் படலம் உண்டு. செய்பவனைக் குறிக்கும் விகுதிகளுள் ஒன்றாக -த்ரு என்பதைப் பாணினி சொல்கிறார். கர்த்தா (செய்பவன்), தாதா (கொடுப்பவன்), நேதா (நடத்திச் செல்பவன்) எல்லாம் அவ்வாறு வந்தவை. அதன் லத்தீன் உடன்பிறப்பு -தோர். கொடுப்பவன் லத்தீனில் 'தாதோர்'. பெற்றவனை லத்தீன் 'கெனிதோர்' என்றும், கிரேக்கம் 'கெனேதோர்' என்றும், வேதம் 'ஜனித்ரு' என்றும் சொல்லும்.

நம் பேருந்தில் இருக்கும் கண்டக்டரின் விகுதி இந்த -தோர்தான். ஆகவே கண்டக்டரும் கர்த்தாவும் ஒரே விகுதி உடையவர்கள்.

*

விகுதிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலானவற்றின் பிறப்பு எழுத்துக்கு முந்தைய இருளில் நடந்துவிட்டது. ஒன்றின் பிறப்பை மட்டும் நாம் ஏறக்குறைய கண்ணால் பார்க்க முடிகிறது.

லத்தீனில் மனத்துக்கு 'மென்ஸ்' என்று பெயர். மனத்தோடு என்று சொல்ல 'மெந்தே'. 'கிளாரா மெந்தே' என்றால் தெளிந்த மனத்தோடு. பக்தியுள்ள மனத்தோடு, உறுதியான மனத்தோடு என்று இரு சொற்களாக இது வழங்கி வந்தது. மனம் உள்ளவர்களைப் பற்றி மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். பின்னர் மெல்ல மெல்ல மனம் கரைந்து, 'விதமாக' என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. ஆறு மெதுவான மனத்தோடு ஓடுகிறது என்று சொல்வதில் எவருக்கும் வியப்பு ஏற்படாமல் போன நாளில் -மெந்தே விகுதியாகிவிட்டது. இத்தாலியமும் ஸ்பானியமும் அதை -மெந்தே என்றே வைத்துக்கொண்டன. பிரெஞ்சில் அது தேய்ந்து -மாங் ஆயிற்று.

ஸ்பானிய மொழியில் அந்தப் பழைய தையலை இன்றும் காணலாம். 'தெளிவாகவும் மெதுவாகவும்' என்று சொல்ல அவர்கள் இரண்டு முறை -மெந்தே போடுவதில்லை. 'கிளாரா இ லெந்தாமெந்தே' என்று முதல் சொல்லை வெறுமனே விட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் சேர்ப்பார்கள். இரண்டு அடைகள், ஒரே மனம். மென்ஸ் பெண்பாற் சொல் என்பதால் அதற்கு முன் வரும் அடையும் பெண்பாலில் நிற்கிறது. காரணத்தை மறந்துவிட்டவர்களும் இலக்கணத்தை மறக்கவில்லை. மென்ஸின் உறவுச் சொற்களே சமஸ்கிருதத்தின் 'மதி'யும் 'மனஸ்'ஸும். நாம் மதி என்றும் மனம் என்றும் எடுத்துக்கொண்டோம்.

*

இதுவரை பார்த்தவற்றில் அறிஞரின் கை தெரிந்தது. மக்களின் வாய் செய்த வேலை வேறு வகையானது. லத்தீனில் சிறுமைப் பொருளிலும் செல்லமாகவும் வரும் -உலுஸ், -குலுஸ் என்ற விகுதிகள் உண்டு. காது 'ஔரிஸ்', சின்னக் காது 'ஔரிகுலா'. தாய் குழந்தையிடம் சொல்லும் சொல்லாக அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். பேச்சு வழக்கில் மெல்ல எல்லாக் காதும் சின்னக் காதாகிவிட்டது.

இதைப் பொறுக்காத ஓர் இலக்கண ஆசிரியர் இருந்தார். பெயர் தெரியாது. 'புரோபுஸின் பிற்சேர்க்கை' என்று இன்று வழங்கும் ஒரு பட்டியலை விட்டுச் சென்றிருக்கிறார். இது சரி, அது தவறு என்ற வடிவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்கள். ஒரே ஒரு கையெழுத்துப் படியாக அது நமக்குக் கிடைத்திருக்கிறது. காதுக்கு 'ஔரிஸ்' என்று சொல்லுங்கள், 'ஒரிக்லா' என்று சொல்லாதீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. எவரும் கேட்கவில்லை. பிரெஞ்சின் 'ஓரேய்', ஸ்பானியத்தின் 'ஓரெஹா', இத்தாலியத்தின் 'ஒரெக்கியோ' எல்லாமே அந்தத் தவறிலிருந்து வந்தவை. அவர் காப்பாற்ற முயன்ற ஔரிஸுக்கு அம்மொழிகளில் வாரிசு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் சூரியனையே 'சொலேய்' என்கிறார்கள். 'சோல்' என்ற சொல்லோடு அதே சிறுமை விகுதி சேர்ந்த வடிவம் அது. வானத்துச் சூரியனைச் சின்னச் சூரியன் என்று அழைக்கிறோம் என்ற நினைவு அவர்களில் எவருக்கும் இருக்காது.

அந்த ஆசிரியரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் எந்த வழு நாளைய மரபாகும் என்று அவர் அறிந்திருக்க முடியாது; நாமும் அறிய முடியாது. இன்று நமக்கு அந்தப் பட்டியல் விலைமதிப்பற்றது. அவர் எவற்றையெல்லாம் கண்டித்தாரோ அவற்றைத்தான் மக்கள் பேசினார்கள் என்று அவர் வாயிலாகவே அறிகிறோம்.

*

இனி டிரைவர். தொழிலாளரைக் குறிக்க லத்தீனில் -ஆரியுஸ் என்ற விகுதி இருந்தது. 'போமும்' என்றால் கனி. கனி விற்பவன் 'போமாரியுஸ்'. பொம்பெயி நகரச் சுவர்களில் கி.பி. 79க்கு முன் எழுதப்பட்ட தேர்தல் விளம்பரங்களில் பழக்கடைக்காரர்கள் இப்பெயரில் தங்கள் வேட்பாளரை ஆதரித்திருக்கிறார்கள். ரோமின் எல்லையில் இருந்த ஜெர்மானிய இனத்தவர் அவர்களோடு வணிகம் செய்தார்கள், அவர்களின் படையில் பணியாற்றினார்கள். -ஆரியுஸில் முடியும் சொற்களைக் கேட்டுக் கேட்டு, விகுதியை மட்டும் கழற்றி எடுத்துத் தங்கள் சொற்களில் பொருத்திக்கொண்டார்கள் என்பதே மொழியியலாளர் பெரும்பாலோரின் முடிவு. நான்காம் நூற்றாண்டில் வுல்பிலா கோதிக் மொழியில் பெயர்த்த விவிலியத்தில் மறைநூல் அறிஞருக்கு 'போகாரீஸ்' என்ற சொல் வருகிறது. 'போகா' என்பது எழுத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல், ஈறு ரோமானியருடையது. அந்த ஈறுதான் ஆங்கிலத்தில் தேய்ந்து -அர் ஆகி, டிரைவரிலும் ரைட்டரிலும் நிற்கிறது.

விகுதிகள் எளிதில் இடம் மாறுவதில்லை என்று சற்றுமுன் சொன்னோம். மாறும், ஆனால் தனியே வாரா. ஒரு கூட்டம் சொற்களோடு வந்து, நெடுங்காலம் கூடவே வாழ்ந்து, பிறகுதான் புது வீட்டில் குடியேறும். கண்டக்டர் என்ற சொல்லே இதற்கு நம்மை இட்டுச் செல்கிறது. ரோமானியச் சட்டத்தில் 'கொந்துக்தோர்' என்பவர் நிலத்தையோ வரியையோ குத்தகைக்கு எடுத்தவர். அவரைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? குத்தகைதாரர். இந்தத் -தாரர் எங்கிருந்து வந்தது? வைத்திருப்பது என்ற பொருளுடைய பாரசீக வினையின் வடிவம் -தார். பாரசீகமும் லத்தீனின் உறவு மொழியே. தாசில்தார், ஜமீன்தார், ஹவில்தார் என்று ஆட்சியோடும் வரிக் கணக்கோடும் அது நம்மிடம் வந்தது. பிறகு நாமே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். பங்குதாரர், விண்ணப்பதாரர், வாடகைதாரர் என்ற சொற்களை எந்தப் பாரசீகரும் நமக்குத் தரவில்லை. 'பகு' என்பதோடு உறவுடைய பங்கில், ஈரானின் விகுதி எந்தத் தையலும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. கோத்தியர் செய்ததையே நாமும் செய்திருக்கிறோம்.

*

விகுதியைச் சட்டம் போலப் பயன்படுத்திய ஒரு நிகழ்வையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியலில் பொருள்களின் பெயர்கள் ரசவாதிகளின் கனவுபோல் இருந்தன. விட்ரியோல் எண்ணெய், ஆன்டிமனி வெண்ணெய், துத்தநாகப் பூக்கள். பெயரைக் கேட்டால் பொருளின் இயல்பு தெரியாது. 1787இல் பாரிஸில் கித்தோன் த மொர்வோ, லவாசியே, பெர்த்தொலே, பூர்குரோவா ஆகிய நால்வர் ஒரு பெயரிடல் முறையை வெளியிட்டார்கள். ஆக்சிஜன் மிகுந்த அமிலத்துக்கு லத்தீன் -இக்குஸிலிருந்து வந்த விகுதி. குறைந்ததற்கு -ஓசுஸிலிருந்து வந்தது. நம் பாடநூல்களில் சல்ப்யூரிக் அமிலம், சல்ப்யூரஸ் அமிலம் என்று படித்தது இந்த வேறுபாட்டைத்தான். அவற்றின் உப்புகள் முறையே சல்பேட்டு, சல்பைட்டு. -இக்குஸும் -ஓசுஸும் லத்தீனில் வெறும் பெயரடை விகுதிகள். அளவைக் குறிக்கும் பொருளை அவற்றுக்கு நால்வர் கூடித் தந்தார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது.

லவாசியே பழைய அரசின் வரிக் குத்தகைதாரர்களுள் ஒருவர். அதன் பொருட்டே 1794ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, ஏனைய குத்தகைதாரர்களோடு கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். சிசரோவின் முடிவும் இதுபோன்றதே. சீசர் கொல்லப்பட்டபின் மீண்டும் அரசியலுக்கு வந்து ஆன்டனியை எதிர்த்துப் பேசினார். கி.மு. 43 டிசம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அவருடைய தலையும், எழுதிய கையும், அவர் நின்று பேசிய அதே மேடையில் பார்வைக்கு வைக்கப்பட்டன.

ஆட்சிகள் இருவரையும் அழித்தன. அவர்கள் இணைத்த சொற்களை அழிக்க முடியவில்லை. காரணம், அவற்றில் பாதி அவர்களுடையவையே அல்ல. குவாலிதாஸின் ஈறு, சிசரோ பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே குடிமகனின் வாயில் இருந்தது.

புதிய கலைச்சொல் ஒன்றைக் காணும்போது நாம் முதலில் கேட்பது, இதன் வேர் தூயதா என்பதை. அதனோடு இன்னொன்றையும் கேட்கலாம். இதன் விகுதி இன்று பேசுகிறவர்களின் நாவில் உயிரோடிருக்கிறதா? இருந்தால், இன்று காதுக்குக் கடினமாகத் தோன்றினாலும் பழக்கம் அதை மென்மையாக்கிவிடும். மகளை இழந்து, மேடையை இழந்து, காட்டோரத்தில் அமர்ந்து சொற்களைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அப்படித்தான் நம்பினார்.